பன்னிரண்டாம் நம்பர் எலி

மணி ஒன்பது பத்து. ஸ்லைடு இருபத்துநாலு. பார்ப்பவர் சென்னியப்பன். இந்த மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் மைக்ரோஸ்கோப்பின் விளக்கைப் போடுவேன். முப்பத்தொரு வருடப் பழக்கம், இன்றைக்கு அதை மாற்ற ஒரு காரணமும் இல்லை. பதினொன்றரைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில் ஊசி. போனால் ஊசி, போகாவிட்டால் இல்லை. பத்தரைக்குள் துளசிமணிக்குப் போன் செய்து வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும், வருகிறேன் என்றால் அவள் பீளமேட்டில் பஸ் ஏறி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். காலையில் இட்லித் தட்டை முன்னால் வைத்துவிட்டு, "ஏனுங்க, இன்னைக்கும் அந்த எலிக் கதையச் சொல்லித் தப்பிச்சுக்காதீங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம், நான் பார்க்கும் வேலையைக் கதை என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. கதை இல்லை, கண்ணால் பார்த்தது, அளந்து எழுதியது. அந்த ஊசி எல்லா உடம்புக்கும் வேலை செய்துவிடாது என்பதற்கு என் டிரேயில் சாட்சி இருக்கிறது, பன்னிரண்டாம் நம்பர் எலி. மூன்று வாரமாக அவளிடமும் டாக்டரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலை செய்யுமா என்று தெரியாத ஒன்றுக்காக ஆள் பாதியாக நான் தயாராக இல்லை. இன்றைக்கும் அதையே சொல்லிவிடலாம். முதலில் இந்த இருபத்துநாலையும் முடிக்க வேண்டும், உடற்கூறியல் ரெஹானா மேடம் பன்னிரண்டு மணிக்குள் கேட்டிருக்கிறார்.

எலிகள் அவருடையவை. இருபத்துநாலு ஆண் எலிகள், ஒரே வயது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஊசி, ஆண் ஹார்மோன் சுரப்பதை உடம்பே நிறுத்திவிடும்படி செய்கிற ஊசி. பதின்மூன்று முதல் இருபத்துநாலு வரை வெறும் உப்புத்தண்ணீர். பதினாலாம் நாள் எல்லாவற்றின் புராஸ்டேட்டையும் எடுத்து, ஹார்மோன் நின்றுபோனால் அந்தச் சுரப்பி என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். எடுப்பது மேடம், மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, அளப்பது நான். யூராலஜி டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்ததும் இதே வகை ஊசிதான், எலிக்கு அளவு குறைவு, அவ்வளவே. முதல் ஸ்லைடு பத்தொன்பதாம் நம்பர், உப்புத்தண்ணீர் எலி. பார்க்கவே நிறைவாக இருக்கிறது, ஆரோக்கியமான சுரப்பியை யார் பார்த்தாலும் பிடிக்கும். உள்சுவர் முழுக்க உயரமான செல்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, அடியில் நீலப் பொட்டாக உட்கரு, சுவர் மடிந்து மடிந்து உள்ளே வருகிறது, நடுவில் இளஞ்சிவப்பாகச் சுரந்த நீர். கண்வில்லையில் இருக்கும் அளவுகோலை வைத்தால் செல்லின் உயரம் இருபத்திரண்டு மைக்ரான். அடுத்தது நாலு, ஊசி போட்டது. நம்பர் பார்க்காமலே சொல்லிவிடுவேன். பைகள் சுருங்கி வாய் மூடிவிட்டன, மடிப்பு ஒன்றும் இல்லை, உயரமான செல்கள் இருந்த இடத்தில் கட்டையாக, பெட்டி பெட்டியாகச் சில, பைகளுக்கு நடுவே நார் தடித்துக் கிடக்கிறது. ஒன்பது மைக்ரான். இதில் அடிதடி எதுவும் நடக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. வீக்கம் இல்லை, சீழ் இல்லை. ஹார்மோன் வரவில்லை என்றதும் செல் தானாகச் சுருங்குகிறது, தானாகத் துண்டாகிறது, பக்கத்துச் செல் அதை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கிறது. மூன்றாம் நாள்தான் அதிகம் சாகும் என்பார் மேடம். பதினாலாம் நாள் நாம் பார்க்கும்போது எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது.

என்னுடையதை நானே பார்த்தேன். இது யாருக்கும் வாய்க்காது. பிப்ரவரி மாதம் ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள், வேறு ஆஸ்பத்திரி, ஆனால் அங்கே ஸ்லைடு போடுகிற பையன்கள் இரண்டு பேரும் என்னிடம் வேலை பழகியவர்கள், ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டேன். "சார், வேண்டாம் சார், டாக்டர் பாக்கட்டும்" என்றான் ஒருவன். விலகு என்றேன். ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. சுரப்பிகள் வரிசை இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, சுற்றுச்சுவர் கட்ட மறந்து கிடந்தன. சாயம் நன்றாக ஏறியிருக்கிறது என்று பையனிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன், உண்மையிலேயே நன்றாக ஏறியிருந்தது. புராஸ்டேட் புற்றுக்குப் பார்க்கும் ரத்தச் சோதனை, பி.எஸ்.ஏ., நாலுக்குள் இருக்க வேண்டியது முப்பத்தெட்டு புள்ளி நாலு. எலும்பு ஸ்கேனில் இடுப்பில் ஒரு புள்ளி. பிப்ரவரி பத்தொன்பது சாயங்காலம் டாக்டர் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வைத்து, "மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. பொறவு கரண்ட், அதான் ரேடியேஷன், வைக்கலாம். முதல்ல அதுக்குச் சாப்பாட்ட நிறுத்தணும், அதோட சாப்பாடு உங்க ஆண் ஹார்மோன்" என்றார். தெரியும் சார் என்றேன். "தெரியும்னா நல்லது, பக்கவிளைவும் சொல்லிடறேன்" என்று வரிசையாகச் சொன்னார், கரண்டு ஆபீசில் கட்டண விவரம் படிக்கிற குரலில். உடம்பில் அனல் அடிக்கும். சதை குறையும், கொழுப்பு ஏறும். எலும்பு பலம் குறையும். ஆசை போய்விடும். கடைசியில் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் துளசிமணியைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். வெளியே வந்ததும் அவள், "அனல் அடிச்சா என்னுங்க, தீட்டு நின்னதுலருந்து நா ஏழு வருஷமா வேர்த்து ஊத்திட்டுத்தான் சமையக்கட்டுல நிக்கறேன், ஒரு நாளாச்சும் என்னன்னு கேட்டீங்களா? நீங்களும் கொஞ்சம் வேர்த்துப் பாருங்க" என்றாள். சிரித்தேன். மற்றதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை, ஆட்டோவில் எங்களுக்கு நடுவே ஸ்கேன் கவர் இருந்தது.

ஏழாம் நம்பர், எட்டு மைக்ரான். பதினாறு, இருபத்துமூன்று. இரண்டு, ஒன்பது. கை தானாக ஓடுகிறது. செத்துப்போவேன் என்ற பயம் எனக்கு இல்லை, இதை வீம்புக்குச் சொல்லவில்லை, சாவு எப்படி இருக்கும் என்று தினமும் சாயம் ஏற்றிப் பார்க்கிறவனுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. பயம் இந்த ஒன்பதைப் பார்த்துத்தான். இருபத்திரண்டாக நின்றது ஒன்பதாகி, தான் ஒன்பது என்றே தெரியாமல், வலி இல்லாமல், புகார் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதே, அதைப் பார்த்துத்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் டீ குடித்துக்கொண்டு, எதன் மேலும் கோபம் வராமல், எதன் மேலும் ஆசை வராமல், யாரோ ஒருவராக நாற்காலியில் இருப்பேன், அது நான் இல்லை என்று எனக்கே தெரியாது. மடிப்பு போய்விடும். இதைப் போய் டாக்டரிடம் எப்படிக் கேட்பது. ஆனால் மேடம் போன வருடம் செய்த எலிகளில் ஹார்மோனைத் திரும்பக் கொடுத்ததும் பத்து நாளில் செல்கள் எழுந்து நின்றன, அதையும் நான்தான் அளந்தேன். சுவர் இருந்தது, அடித்தளம் இருந்தது, ஆட்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். எனக்குத் திரும்பக் கொடுக்கப் போவதில்லை. கொடுத்தால் அந்தப் புற்றும் எழுந்து நின்றுவிடும். எலிக்கு இருந்தது நோயும் அல்ல, நல்ல சுரப்பி. எலியை வைத்து என்னைக் கணக்குப் போடுவது தப்பு என்று வேறு யாராவது செய்தால் நானே திட்டியிருப்பேன். இருந்தும் பன்னிரண்டு இருக்கிறது. ஊசியை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்ற ஒன்று.

பத்து ஆக எட்டு நிமிடம். ஸ்லைடுகள் எலிகளை எடுத்த வரிசையில் இருக்கின்றன, அன்றைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசை, அதனால் பன்னிரண்டு இருபத்துமூன்றாவதாக வருகிறது. வைக்கிறேன். உயரமாக நிற்கிறது. இருபத்துமூன்று மைக்ரான், ஒரு இடத்தில் இருபத்துநாலு. சீவலில் குறை இல்லை, சாயத்தில் குறை இல்லை, எட்டாவது தடவையாக அளக்கிறேன், அதே இருபத்துமூன்று. ரெஹானா மேடம் இதை நம்பவில்லை. "சார், ஒண்ணே ஒண்ணு மட்டும் எப்படி? மருந்து உள்ள போகலையா?" என்று கேட்டார். ஊசி போட்டது நீங்கள்தானே மேடம் என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப ஒரு எலி ஒத்துழைக்கலைன்னு எழுத வேண்டியதுதான்" என்றார். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் அப்படியே துளசிமணியிடம் சொன்னேன். கதவு திறக்கிற சத்தம், ராமாத்தாள், எலிக்கூடங்களைப் பார்த்துக்கொள்கிறவள், ஃபார்மலின் கேனுக்காக வந்திருக்கிறாள். "என்னுங் சார், இன்னும் அந்தப் பன்னெண்டயேதான் பாத்துட்டிருக்கீங்களா? கட்டிக்கப் போறீங்களா அத?" என்கிறாள். கேனை எடுத்துக்கொண்டு போ என்கிறேன். "நாம் போறனுங். அன்னைக்கே தெரியும் எனக்கு. தீவன லாரி வந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பி வாரன், நீங்க எலிய மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் புடிச்சுட்டு, பொண்ணு பாக்கற மாதிரி நிக்கறீங்க. இத்தன வருசத்துல நீங்க ஒரு எலி மூஞ்சியப் பாத்து நாம் பாத்ததில்லீங்." நாலு கேன் வேணுமா மூணு போதுமா என்று ஏதோ கேட்கிறாள். நாலு என்கிறேன். கதவு மூடுகிறது.

பார்த்தேன், உண்மைதான். பிப்ரவரி இருபது, டாக்டர் சொன்ன மறுநாள். லீவு போடவில்லை, லீவு போட என்ன இருக்கிறது. ராமாத்தாள் ஒவ்வொரு எலியாக எடுத்துக் காது பார்த்து நம்பர் சொல்வாள், நான் எடை போட்டு எழுதி, சீட்டுக் கட்டி, உள்ளே மேடத்திடம் அனுப்புவேன். இருபத்திரண்டு எலி அப்படிப் போயிற்று. மிச்சம் இரண்டு, அதற்குள் லாரி வந்துவிட்டது, அவள் போய்விட்டாள், நானே எடுத்தேன். எடுத்தவன் ஒவ்வொன்றாக முகம் என் பக்கம் வரும்படி திருப்பினேன். ஏன் என்றால், இதில் ஒன்றுக்கும் அதே ஊசி போட்டிருக்கிறார்களே, பதினாலு நாள் ஆகிவிட்டதே, முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று. எலி முகத்தில் என்ன தெரியும். மீசை ஆடியது, கண் சிவப்பாக இருந்தது, மூக்கு என் பக்கம் நீண்டு எதையோ மோந்தது. இரண்டையும் அப்படி வைத்துக்கொண்டே காதைப் பார்த்து நம்பர் எழுதினேன். அப்படி வைத்துக்கொண்டே. முகம் என் பக்கம். எலியின் இடது காதில் வெட்டு இருந்தால் ஒவ்வொன்றும் பத்து, வலது காதில் இருந்தால் ஒவ்வொன்றும் ஒன்று. இடது காதில் ஒன்று, வலது காதில் இரண்டு என்றால் பன்னிரண்டு. முதுகுப் பக்கமிருந்து பிடித்தால் அதன் இடது என் இடது, நோட்டில் படிக்கிற மாதிரி ஒன்று, இரண்டு. அதனால்தான் எல்லாரும் முதுகுப் பக்கமாகப் பிடிக்கிறோம், யாரும் யோசிப்பதுகூட இல்லை. முகத்துக்கு நேராகப் பிடித்தால் அதன் வலது காது என் இடது பக்கம் வந்துவிடும். இரண்டு, ஒன்று. இருபத்தொன்று. இருபத்தொன்றைப் பிடித்தால் பன்னிரண்டு. மிச்சம் இருந்தவை பன்னிரண்டும் இருபத்தொன்றும். வேறு இரண்டாக இருந்திருந்தால் அநேகமாக இல்லாத நம்பர் ஒன்று வந்து நின்று என்னைத் திருத்தியிருக்கும். இவை இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தி உட்கார்ந்துகொண்டன. பட்டியலில் டிக் அடிக்காத இரண்டு நம்பர், கையில் இரண்டு எலி, இரண்டும் சரி. சரி பார்த்தேன் என்று கையெழுத்துக்கூடப் போட்டேன்.

இருக்காது. என் கை தப்பாது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஸ்லைடு மாறியதில்லை, வெளியூர்க்காரர்கள் எனக்கே அனுப்பிச் சரிபார்க்கிறார்கள். கடைசி ஸ்லைடை வைக்கிறேன். இருபத்தொன்று, உப்புத்தண்ணீர் எலி. சுருங்கிக் கிடக்கிறது, ஒன்பது. போன தடவை இதைப் பார்த்து, ஏதோ சீக்கு எலி போலிருக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன், என் எழுத்துதான், நிதானமான எழுத்து. பன்னிரண்டை எட்டுத் தடவை அளந்தவன் இதை இரண்டாவது தடவை அளக்கவில்லை. வேண்டியதை எட்டுத் தடவை பார்த்தேன், வேண்டாததற்குச் சீக்கு என்று பெயர் வைத்தேன். இன்னும் நிரூபணம் ஆகவில்லை. நிரூபணம் எலிக்கூடத்தில் இருக்கிறது, ராமாத்தாளின் எடை நோட்டு, அது அங்கேயே ஆணியில் தொங்கும், என் பட்டியல் இங்கேயே ஃபைலில் இருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் ஒரு தேவையும் வந்ததில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு நடக்கிறேன், வராண்டா, வேப்பிலைச் சருகு, எலிக்கூடத்தின் நெடி. பிப்ரவரி பத்தொன்பது காலை எடை, அவள் கோணல் எழுத்தில்: பன்னிரண்டு, இருநூற்று அறுபத்தெட்டு கிராம். இருபத்தொன்று, முந்நூற்றுப் பதினாலு. என் பட்டியல், மறுநாள் காலை: பன்னிரண்டு, முந்நூற்றுப் பதின்மூன்று. இருபத்தொன்று, இருநூற்று அறுபத்தாறு. ஒரு ராத்திரியில் ஒரு எலிக்கு நாற்பத்தைந்து கிராம் ஏறி இன்னொன்றுக்கு நாற்பத்தெட்டு கிராம் இறங்காது. மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். "என்னுங் சார், மொகம் ஒரு மாதிரி இருக்குது" என்கிறாள் ராமாத்தாள். உன் எழுத்து கோணலாக இருந்தாலும் சரியாக இருக்கிறது என்கிறேன். "அதென்னமோ பாராட்டற மாதிரியும் இருக்குது, வையற மாதிரியும் இருக்குது" என்கிறாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, பத்து இருபத்தொன்று. விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது, எலிகள் எரிந்து சாம்பலாகி மூன்று வாரம் ஆகிறது. ஒரு எலி ஒத்துழைக்கவில்லை என்று மேடம் எழுதுவார், பன்னிரண்டில் ஒன்று, யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். நான் துளசிமணியிடம் பன்னிரண்டில் ஒன்று என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், அச்சிலேயே இருக்கும், காட்டலாம். காட்டலாம், ஆனால் என்னிடம் காட்ட முடியாது. நான் ஸ்லைடு படிக்கிறவன். என் சதையை நானே படித்துவிட்டு எழுந்து வந்தவன். பன்னிரண்டு என்று எழுதியிருக்கிற கண்ணாடியில் இருப்பது உப்புத்தண்ணீர் போட்ட எலியின் சுரப்பி என்று தெரிந்தபிறகு அதைப் பன்னிரண்டு என்று படிக்க என் கண்ணுக்கு வராது. கண் தப்பவில்லை, கை ஒரு நிமிடம் தப்பியது, அந்த நிமிடம் ஏன் தப்பியது என்றும் தெரிகிறது, அதனால் பெரிய அவமானம் ஒன்றும் இல்லை. ஊசி போட்ட பன்னிரண்டு எலிகளுக்கும் சுரப்பி சுருங்கியிருக்கிறது. என் உடம்பில் அது என்ன செய்யும் என்று இந்த எலிகள் சொல்லாது. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் ஒரு எலி, அந்த எலிக்கு ஊசியே போடவில்லை. சிவப்பு மையில் இரண்டு நம்பரையும் அடித்து, மாற்றி எழுதி, எப்படி மாறியது என்று மூன்று வரி, தேதி, கையெழுத்து. காதை முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்ததால் என்று எழுதினேன். ஏன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன் என்பதற்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை.

மேடத்துக்குப் போன். "மேடம், பன்னெண்டும் இருபத்தொண்ணும் மாறிப்போச்சுங்க." "யார் மாத்துனது சார்?" நான்தானுங்க என்றேன். "நீங்களா?" நானேதான், எடை நோட்டோட ஒத்துப் பாத்துட்டேன், சிவப்புல எழுதி வெச்சிருக்கேன், நீங்களும் ஒரு தடவ பாத்துக் கையெழுத்துப் போடுங்க. "அப்ப பன்னெண்டு எலிக்கும் மருந்து வேலை செஞ்சிருக்கு?" பன்னெண்டுக்கும். "சார், நானா இருந்தா இதக் கண்டே புடிச்சிருக்க மாட்டேன்" என்றார், ஆறுதலுக்குச் சொன்னாரோ நிஜமாகவோ, வைத்துவிட்டார். பத்து இருபத்தெட்டு. துளசிமணிக்கு. முதல் மணியிலேயே எடுத்தாள், போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "சொல்லுங்க." பஸ் ஏறிக்கோ என்றேன். பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம், அது நின்றது. "அந்த எலி?" அது ஊசி போட்ட எலியே இல்ல, உப்புத்தண்ணி போட்ட எலி, நம்பர் மாறிப்போச்சு. அவள் மூச்சு விடுவது கேட்டது. "ஒரு உப்புத்தண்ணி எலியக் காட்டியா மூணு வாரமா என்னைய அழ வெச்சீங்க?" அழுதாளா. எனக்குத் தெரியாது. நான் வீட்டில் இல்லாத நேரமாக இருக்கும், இல்லை இருந்தும் பார்க்காமல் இருந்திருப்பேன். ஆமா என்றேன். "சாப்பிட்டுட்டு ஊசி போடலாமா வெறும் வயித்துலயா, கேட்டீங்களா?" சாப்பிடலாம். "அப்ப நா தக்காளிச் சோறு கட்டிட்டு வாரன். முன்னால போனா டோக்கன் போட்டு வெய்யுங்க. எங்கயும் நின்னு யோசிக்காதீங்க." நிற்கவில்லை. விளக்கை அணைத்து, மைக்ரோஸ்கோப்புக்கு உறை போட்டு, கை கழுவினேன்.

2019 ஜூன் 13, வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு எனக்கு இரண்டாவது ஊசி போட்டார்கள். அன்றைய பி.எஸ்.ஏ. 1.7.